இடம் ஒலிக்கும் ஆல்பங்கள்

கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டில், கேசட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் மர அலமாரியின் கீழ்த்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து படுக்கை விரிப்பைக்கூட ஈரமாக்கிவிடும் ஊர் இது. அந்தப் பல்பின் சூடு இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். அப்படிப் பூஞ்சை பிடித்தவற்றைக் காப்பாற்றவும் ஒரு வழி உண்டு. கைக்கடிகாரக் கடையில் வாங்கிய சின்னத் திருப்புளியால் மூலை திருகுகளைக் கழற்றி, மேல்மூடியை மெதுவாகத் தூக்கி, நாடாவை இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்த பஞ்சின் வழியே விட்டு, பென்சிலைச் செருகிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மூடியைத் திரும்பப் பொருத்தும்போது நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது விழுந்துவிட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிப்போகும்.

அந்த அலமாரியில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை 1970-க்கும் 1986-க்கும் இடையில் வெளிவந்த ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் ஆல்பங்களின் பதிவுகள். என் மனத்துக்கு நெருக்கமான ஆல்பங்கள் எவை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிதார் வாசிப்பின் வேகமோ பாடகரின் குரல் எட்டும் உயரமோ என் தேர்வைத் தீர்மானிக்கவில்லை என்பது காலப்போக்கில் எனக்கே தெளிவாயிற்று. பதிவு செய்யப்பட்ட இடம் எந்த ஆல்பத்தில் காதுக்குக் கேட்கிறதோ, அந்த அறையின் சுவரும் அந்த ஊரின் குளிரும் அந்தத் தொழிற்சாலையின் இரும்பும் எந்த ஒலியில் தங்கியிருக்கின்றனவோ, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக் கேட்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் என் அப்பாவின் வேலையாக இருக்கலாம். கோத்தகிரிக்கு அருகில் இருந்த ஒரு டீ பேக்டரியில் அவர் பிட்டராக இருந்தார். பறித்த கொழுந்தைக் காலம் தாழ்த்தாமல் பதப்படுத்தியாக வேண்டும் என்பதால் கொழுந்து மிகுந்த மாதங்களில் பேக்டரி இரவு முழுவதும் ஓடும். சி.டி.சி. இயந்திரத்தில் பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும். ஒன்று மெதுவாகவும் மற்றொன்று ஏறத்தாழ அதன் 10 மடங்கு வேகத்திலும் ஓடுவதால் நடுவில் விழும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். அந்த இரண்டு வேகங்களும் சேர்ந்து எழுப்பும் உறுமல் எங்கள் வீட்டுத் திண்ணைவரை வரும். சிறுவயதில் நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன். எனவே 1989-ல், பெங்களூரில் வேலை பார்த்த என் தாய்மாமன் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த கேசட்டிலிருந்து பிளாக் சப்பாத் குழுவை முதன்முதலில் கேட்டபோது அது எனக்கு அந்நிய இசையாகத் தோன்றவில்லை. எங்கள் பேக்டரியின் இரவு ஷிப்டு கிதாரில் ஓடுவதுபோல் இருந்தது.

அந்த எண்ணம் முற்றிலும் பிழையன்று என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சப்பாத்தின் நால்வரும் இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமைச் சேர்ந்தவர்கள். கிதார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, வராமல்போன வேறொருவருக்குப் பதிலாக அவரை ஓர் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். அது அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் துண்டை ஒட்டி அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். இதை ஓர் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இந்த இசையில் நாட்டம் கிடையாது, ஆனால் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அது என்ன மெஷினுப்பா? பிரஸ்ஸா? பழக்கமில்லாத பையனை அதுல எப்படி நிப்பாட்டுனாங்க?" பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அயோமியைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

சப்பாத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டு, 1970 பிப்ரவரி 13-ஆம் நாள் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மழை, இடி, தொலைவில் ஒரு மணியோசை ஆகியவற்றுக்குப் பின் எழும் அந்த முதல் ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார்த் தொடரில், மூன்றே சுவரங்கள்தாம் இருக்கின்றன: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். நமக்குப் பிரதி மத்தியமம் அச்சமூட்டும் சுவரமே அன்று. கல்யாணியில் அது காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் எவ்வளவு மங்கலமாக நிற்கிறது என்பது கச்சேரி கேட்டுப் பழகிய எவருக்கும் தெரியும். அயோமி அந்த அண்டை வீட்டாரையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அதைத் தனியே நிறுத்தினார். காந்தாரமும் பஞ்சமமும் துணைக்கு இல்லாத பிரதி மத்தியமம் எங்கே போய் இறங்குவது என்று தெரியாமல் அதிர்ந்துகொண்டே நிற்கிறது. அந்தப் பாட்டின் திகில் முழுவதும் அந்த நிராதரவில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

ஆயினும் சப்பாத்தின் ஆல்பங்களில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யைத்தான் எடுப்பேன். காயம்பட்ட விரல்களுக்கு இறுக்கமான தந்திகள் வலி தந்ததால் அயோமி இதில் சில பாடல்களுக்குச் சுருதியை இறக்கினார். நம் வழக்கில் சொன்னால், மூன்று கட்டையில் நிற்க வேண்டிய தடித்த தந்தி ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. தளர்ந்த தந்தி அகலமாக அதிரும்; ஒலி தரையோடு தரையாகப் பரவும். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான குழுக்கள் கைக்கொண்ட அந்தக் கனம் வலியைக் குறைக்கத் தேடிய வழியாகத் தொடங்கியது என்பதை 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். அதே ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் 'சாலிட்யூட்' என்றொரு மெல்லிய பாட்டு இருக்கிறது. அதில் அயோமி புல்லாங்குழல் வாசிக்கிறார். அந்தப் பாட்டைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

இடம் ஒலியாக மாறியதற்கு டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம் போல் வேறொரு சான்று இல்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில், ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த சூதாட்ட விடுதி அரங்கில் பதிவு செய்ய அவர்கள் வந்திருந்தார்கள். அதற்கு முன் அங்கு நடந்த ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சியில் கூட்டத்திலிருந்த ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரை நோக்கிச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோயிற்று. ஏரியின் மேல் பரவிய அந்தப் புகையைப் பற்றியதே உலகம் அறிந்த 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டு. அதன் ரிஃபைக் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இரண்டு தந்திகளை ஒருசேர விரலால் மீட்டி, ஷட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியிலேயே நகர்த்திக்கொண்டு போகிறார். கிதாரைக் கையில் எடுத்த எவரும் முதல் நாளிலேயே வாசித்துப் பார்ப்பது அதைத்தான். ஆனால் பெரும்பாலோர் மீட்டுகோலால் வாசிப்பதால் அந்த இரண்டு சுவரங்களும் ஒன்றாக எழும் மொத்தை ஒலி வருவதில்லை.

அரங்கு எரிந்தபின் அவர்கள் வேறிடம் தேடினார்கள். இரவில் அவர்கள் எழுப்பிய சத்தம் தாங்காமல் காவலர்கள் வந்து கதவைத் தட்ட, அந்த இடத்தையும் விட்டு, குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடத்தில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் வெளியே ஒரு வண்டியில் இருந்தன. பதிவானதைப் போய்க் கேட்க வேண்டுமானால் படுக்கையறைகளையும் பால்கனிகளையும் முற்றத்தையும் கடந்து குளிரில் நடக்க வேண்டும். ஆகவே ஒரு கட்டத்தில் போய்க் கேட்பதையே நிறுத்திவிட்டு, திருப்தியாக வரும்வரை வாசித்தார்கள். 'ஹைவே ஸ்டார்' பாட்டில் திரும்பிப் பார்க்காமல் ஓடும் அந்த உறுதிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். ஜான் லார்ட் தம் ஹேமண்ட் ஆர்கனைக் கிதாருக்குரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து வாசித்ததால் எது கிதார், எது ஆர்கன் என்று பிரிக்க முடியாத உறுமல் பிறக்கிறது. சீசன் முடிந்த ஆடி மாதத்தில் ஊட்டியின் பழைய ஓட்டல்களுக்குள் நுழைந்தவர்களுக்கு ஆளில்லாத நடைக்கூடத்தில் நம் காலடியோசை நமக்கே திரும்பி வரும் அந்த அனுபவம் தெரிந்திருக்கும். மோந்த்ரோ எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

அந்த ஒலிப்பதிவு வண்டி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினருக்குச் சொந்தமானது. அதே வண்டிதான் அதே 1971-ன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற வீட்டின் வாசலில் நின்று லெட் ஜெப்பெலின் குழுவின் நான்காம் ஆல்பத்தைப் பதிவு செய்தது. அந்த வீடு 1795-ல் ஏழைகளுக்கான வேலை விடுதியாகக் கட்டப்பட்டது. ஜான் பானமின் டிரம்ஸைக் கீழ்க்கூடத்தில் வைத்து, மாடிப்படி வளைவின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டின் தாளத்தைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸுக்கு மிக அருகில் மைக் வைப்பது வழக்கமாயிருந்த காலத்தில் அந்தத் தூரம்தான் புதுமை. அடி விழுகிறது; படிக்கட்டு அதை வாங்கிக்கொண்டு, சற்றே தாமதித்து, பெரிதாக்கித் திருப்பித் தருகிறது. அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தின் அகலமும் உயரமும் கண்ணை மூடிக் கேட்டால் தெரிகின்றன.

அந்தப் பாட்டு 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பாய்ந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்த புளூஸ் பாட்டின் மறுவடிவம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையிலும் மண்சரிவிலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் பகுதிச் சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மலைச்சரிவில் நின்ற வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. நாங்கள் இரண்டு இரவுகள் மேட்டிலிருந்த உறவினர் வீட்டில் தங்கினோம். அதன்பின் பல மாதங்கள் அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. மீண்டும் கேட்டபோது, கரை உடையப்போவதை அறிந்தவன் பதற்றப்படாமல் ஒரே சீரான நடையில் சொல்லும் சொல்லாக அந்தத் தாளம் ஒலித்தது. அதை முதலில் பாடியவர்கள் மழைக்கு அஞ்சி வாழ்ந்த ஊர்க்காரர்கள் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

1980-ல் வந்த இரண்டு ஆல்பங்களை இங்கே சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். ஜூடாஸ் பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஒரு பெரிய வீட்டுக்குள் பதிவானது. 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு மனிதர்கள் நடந்துவரும் ஓசைக்காகச் சமையலறைக் கரண்டிகளும் கத்திகளும் நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். 'பிரேக்கிங் த லா'வில் பால் புட்டிகளை உடைத்தார்கள். ஏ.சி./டி.சி.யின் 'பேக் இன் பிளாக்' பாடகர் பான் ஸ்காட் இறந்து ஐந்தே மாதங்களில், கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. அதைத் திறக்கும் மணியோசைக்காக முதலில் லஃப்பரோ நகரின் நினைவுக் கோபுர மணியைப் பதிவு செய்ய முயன்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் கோபுரத்துப் புறாக்கள் சிறகடித்து எழுந்ததால் அது பயன்படவில்லை. பிறகு அவ்வூர் வார்ப்படச் சாலையில் குழுவுக்காகவே வார்க்கப்பட்ட ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வெண்கல மணியை அங்கேயே அடித்துப் பதிவு செய்தார்கள். பனி இறங்கிய காலையில் தேவாலய மணி எத்திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் நின்ற அனுபவம் உள்ள என் போன்றவர்களுக்கு அந்த மணியைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' 1984-ல் வந்தது. ஊட்டியில் கல்லூரியில் படித்தபோது கோல்ரிட்ஜின் பழைய மாலுமிக் கவிதை எங்களுக்குப் பாடமாக இருந்தது. அந்தக் கவிதையை 13 நிமிடங்களுக்கும் மேலாக மெய்டனின் பேஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் பாட்டாக்கியிருப்பதை அறிந்து, பரீட்சைக்கு முந்தைய இரவு அதைக் கேட்டுத்தான் கதையை மனத்தில் பதித்தேன். நடுவில் கிதார்கள் அடங்கி, காற்றில்லாக் கடலில் நின்றுபோன கப்பலின் மரம் முனகும் ஓசை கேட்கும் இடம் வருகிறது. தாகத்தை இசையில் அதைவிடச் சரியாகக் காட்டியவர்களை நான் அறியேன். 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது மாமாவும் நானும் கூட்டத்தின் நடுவில் நின்றோம். "மாப்ளே, 1982-லேர்ந்து காத்திருக்கேன்டா" என்று மாமா என் காதருகே கத்தியது மேடைச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

இந்த ஆல்பங்களின் அட்டைகளைப் பின்னாளில் கவனித்துப் படித்தபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: மார்ட்டின் பர்ச். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் அவர். ரெயின்போவின் 'ரைசிங்', சப்பாத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்', மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' ஆகியவற்றின் தயாரிப்பாளரும் அவரே. கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி மெழுகாமல், ஒவ்வொன்றுக்கும் காற்றாட இடம் விட்டு நிறுத்துவது அவர் பாணி. 2020-ல் அவர் மறைந்தபோது செய்தி மிகச் சிறியதாகவே வந்தது. கலைஞர்களைக் கொண்டாடும் நாம், அவர்களை நம் வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்து சேர்த்த அந்தக் காதுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என் அளவுகோலுக்குள் அடங்காத ஆல்பம் ஒன்று உண்டு. டீப் பர்ப்பிளை விட்டு விலகிய பிளாக்மோர் அமைத்த ரெயின்போ குழுவின் 'ரைசிங்' 1976-ல் மியூனிக் நகரில் பதிவானது. அதன் முக்கியப் பாட்டான 'ஸ்டார்கேசர்' எந்த அறையிலும் நடப்பதாகத் தோன்றவில்லை. அது திறந்தவெளியில், கடும் வெயிலில் நடக்கிறது. வானில் பறக்க விரும்பிய ஒரு மந்திரவாதி ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக்கிக் கல்கோபுரம் கட்டவைக்கிறான். உச்சியிலிருந்து காலெடுத்து வைத்ததும் விழுந்து மாய்கிறான். கல் சுமந்த அடிமையின் வாயால் ரானி ஜேம்ஸ் டியோ இதைப் பாடுகிறார். கோசி பவலின் டிரம்ஸ் உருண்டு வந்து திறக்க, மியூனிக் இசைக்குழுவின் வயலின்கள் பின்னால் எழ, எட்டு நிமிடங்களில் ஒரு காவியமே முடிந்துவிடுகிறது. அந்த மந்திரவாதி விழுந்தபின் "இனி எங்கே போவது" என்று அடிமை திகைத்து நிற்கும் இடத்தில் டியோவின் குரலில் விடுதலையின் மகிழ்ச்சி துளியும் இல்லை. உழைப்பு முழுவதும் எதற்கென்று தெரியாமல் போனவனின் குரல் அது. பல எஸ்டேட்டுகளின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் அந்தக் குரலை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தோடு என் அலமாரி முடிகிறது. 1986 மார்ச்சில் அது வெளிவந்தது; அதே ஆண்டு செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 24 வயதில் இறந்தார். சொற்களே இல்லாத 'ஓரியன்' பாட்டின் நடுப்பகுதியில் அவருடைய பேஸ் தனியே எழுந்து நடக்கும் சில நிமிடங்களுக்காகவே இந்த ஆல்பத்தைப் போற்றுகிறேன். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த பல ஆல்பங்களில் டிரம்ஸின் எதிரொலியைக் கருவியே உண்டாக்கியது. அவை எந்த ஊரில் பதிவானவை என்று காதுக்குத் தெரிவதில்லை. அவற்றில் திறமைக்குக் குறைவில்லை; ஆனால் எனக்கு அவற்றில் ஒட்டுதல் வரவில்லை.

2025 ஜூலை 5 அன்று சப்பாத்தின் நால்வரும் பர்மிங்காமில் கடைசி முறையாக ஒரே மேடையில் வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் நிற்க இயலாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். 17 நாட்கள் கழித்து, ஜூலை 22 அன்று காலமானார். செய்தி வந்த மறுநாள் அலமாரியைத் திறந்து 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' கேசட்டை எடுத்தேன். மாமாவின் கேசட் அவருக்குத் திரும்பப் போக வேண்டியிருந்ததால் 1989-ல் நானே எடுத்த நகல் அது. எங்களிடம் இணைப்பு ஒயர் இருக்கவில்லை. எங்கள் டேப் ரெக்கார்டரையும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதையும் எதிரெதிரே மேசையில் வைத்து, கதவைச் சாத்தி, வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்தேன்.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. பேக்டரி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்கு லாரியில் ஏற்றிப் போனதை அவர் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறார். அன்று அவர் ஜன்னலோரம் நாளிதழோடு அமர்ந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் 'சாலிட்யூட்' வந்தது. ஆஸியின் தணிந்த குரலுக்கும் அயோமியின் புல்லாங்குழலுக்கும் பின்னால், வெகு தொலைவிலிருந்து வருவதுபோல், நீண்ட ஓர் ஊதலொலி எழுந்து அடங்கியது. அந்தப் பாட்டில் அப்படியொரு ஒலி கிடையாது. நகலெடுத்த அன்று எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பதிவானது. அப்பா நாளிதழைத் தாழ்த்தினார்.

"நம்ம பேக்டரி சங்குப்பா அது" என்றார். பிறகு சற்று யோசித்து, "ரெண்டு மணிச் சங்கு. மத்தியான ஷிப்டு" என்றார். அதை மறுபடி போடச் சொன்னார்.